அங்குலத்துக்கு ஒரு நூல்

ரமிலாபென்னின் சூளைக்குள் போகும்போது
என் ஓடுகள் சரியாக ஓர் அங்குலம்.
வெளியே வரும்போது ஒரு நூல் குறைவு.
"தீ எடுத்துக்கொள்ளும் கூலி" என்கிறாள்
குஜராத்தியில், எனக்குப் புரியும் வேகத்தில்.

துளையும் சுருங்கும்.
குடைக்கம்பியால் குத்திய துளையில்
மண் ஈரமாக இருந்தபோது தாராளமாய்ப் போன தோல்வார்
வெந்த பிறகு முட்டிக்கொண்டு நிற்கிறது,
கூட்ட நேரத்து ரயில் வாசலில்
ஊருக்குப் புதிதாய் வந்தவன் மாதிரி.
எச்சில் தொட்டு முறுக்கினாலும் நுழையாது.
ஓட்டைத் திட்டி என்ன பயன்.
தோலைத்தான் சீவ வேண்டும்.

அந்தோணிராஜின் பெல்ட் பட்டறையில்
ஏழு மணிக்குமேல் கூட்டித் தள்ளுவதெல்லாம் எனக்கு,
கிலோ நாற்பது ரூபாய்.
விரலகலத்தில் ஆட்டுத்தோல் ஓரங்கள்.
வயிற்றுப்பக்கத் துண்டு இழுத்த இழுப்புக்கு நீளும்,
காலையில் கட்டினால் மாலையில் தொங்கும்.
முதுகுத் துண்டைத் தனியே பொறுக்கி
உடைந்த கடப்பாக்கல்லின் மேல் படுக்கவைத்து
பின்பக்கம் சீவுவேன், கத்தியைச் சாய்த்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
தொண்ணூறடி ரோட்டில் லாரி ஹார்ன் அடித்தால்
அந்த வார் போச்சு.

காதணிக்குத்தான் கணக்கு அதிகம்.
ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு ஓடுகூட
ஒரே எடை நிற்காது.
ஒன்று நெருப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும்,
ஒன்று புகையில்.
நிறம் பார்த்து ஜோடி சேர்த்த முதல் மாதம்
முலுண்டிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தாள்.
ஒரு காது மட்டும் வலிக்கிறதாம்.
அன்று வாங்கியதுதான் இந்தச் சின்னத் தராசு.
இப்போது முகம் பார்ப்பதில்லை.
மூன்று கிராம் எழுபதுக்கு மூன்று கிராம் எழுபது.
ஒன்று செங்கல் சிவப்பு, இன்னொன்றுக்கு ஓரம் கருகல்.
வாங்குகிறவர்கள் அதை டிசைன் என்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

சிலர் தோலைத் தொடுமுன்
எந்த மிருகம் என்று கேட்பார்கள்,
கையைப் பாதியில் நிறுத்தி.
ஆடு என்பேன்.
கை மிச்சத் தூரத்தைக் கடந்து வரும்.
விலையைக் குறைக்கச் சொல்லும்.

ஜோடி கிடைக்காதவை பிஸ்கட் டப்பாவில் கிடக்கும்.
நேற்று அதிலிருந்து ஒன்றை எடுத்து
கையில் இருந்த வாரில் கோத்து
என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன்.
ஐந்து கிராம் இருபது, எதற்கும் ஈடு வராதது,
ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை
தெரியாமல் பதிந்து அப்படியே வெந்தது.
விற்பதற்கில்லை என்று
கண்ணாடியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தானேக் கடைக்கு முப்பது ஜோடி பையில்.
சயானில் ஏறினேன். பெண்கள் பெட்டி.
மே மாதம் எல்லோர் முதுகிலும் ஒட்டியிருந்தது.
பக்கத்துக் கைப்பிடியில் தொங்கியவள்
என் கழுத்தையே பார்த்து, எங்கே வாங்கியது என்றாள்.
நான் செய்தது.
எவ்வளவு?
விற்பதற்கில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
இருநூற்றைம்பது என்றது வாய்.
குர்லா வருவதற்குள் ஓடு அவள் கழுத்தில்,
பணம் என் போனில்.
காட்கோபரில் கூட்டம் அவளை உருவிக்கொண்டு போனது.

பிறகுதான் கழுத்தைத் துடைத்தேன்.
கைக்குட்டையில் காப்பி நிறத்தில் ஒரு கோடு.
மெழுகு ஏற்றாத வார்.
விற்பதற்கென்றால் மூன்று தரம் ஏற்றியிருப்பேன்.
எனக்குத்தானே என்று விட்டிருந்தேன்.

விக்ரோலியில், போனில் இருந்த அவள் பெயருக்கு
ஒரு ரூபாய் திருப்பி அனுப்பினேன்,
கூடவே இந்தியில் ஒரு வரி:
வேர்த்தால் கழற்றிவிடுங்கள்.
காஞ்சூர்மார்க் போனது. பாண்டுப் போனது.
பதில் இல்லை.

அவள் போட்டிருந்தது வெள்ளைக் குர்த்தா.